கடைசல்: வெட்பாலையைக் கறுப்பாக்க முடியுமா?

3 பிப்ரவரி 2024 – கேள்வி

வெட்பாலையில் சின்னதாக ஒரு மூடி வைத்த குப்பி கடைந்தேன். மூடியின் உச்சியில் கலசம். கலசம் மட்டும் கறுப்பாக இருந்தால் எடுப்பாக இருக்கும் என்று, வீடியோக்களில் காட்டுகிறபடி வினிகரில் ஸ்டீல் உல் (பஞ்சு போன்ற மெல்லிய இரும்பு இழை) ஊறப்போட்டுத் தடவினேன். வந்தது கறுப்பு இல்லை, அழுக்குச் சாம்பல். மறுபடி தடவினால் ஆரஞ்சு நிறத்தில் துரு படிகிறது. இந்த முறையே பொய் என்று முடிவு கட்டிவிட்டேன். கறுப்பு பெயின்ட் அடிப்பதுதான் ஒரே வழி. மறுப்பவர் இருந்தால் சொல்லுங்கள்.

3 பிப்ரவரி, இரவு – பதில்

மறுக்கிறேன். அந்த வினிகர்க் கரைசலில் கறுப்பு என்று எதுவும் கிடையாது, கரைந்த இரும்புதான் இருக்கிறது. கறுப்பாவதற்கு வேண்டிய மறுபாதி மரத்திலிருந்து வரவேண்டும். வெட்பாலையில் அது மிகக் குறைவு. அந்த வீடியோக்களில் அவர்கள் தடவுவது பெரும்பாலும் ஓக் அல்லது வால்நட்.

பெயின்ட் மட்டும் அடித்துவிடாதீர்கள். கலசத்தின் மெல்லிய வளையங்களும் இடுக்குகளும் மழுங்கிப்போகும். உளியால் கூராக எடுத்த விளிம்பை பெயின்ட் உருட்டையாக்கிவிடும். விரிவாக அப்புறம் எழுதுகிறேன்.

5 பிப்ரவரி

மறுபாதி என்று சொன்னது டானின். துவர்க்கிற பொருள்கள் பலவற்றில் அது உண்டு: கடுக்காய், கொட்டைப்பாக்கு, மாதுளைத் தோல், நெல்லிக்காய், தேயிலை, ஆவாரம்பட்டை, கருவேலம்பட்டை. டானினும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு. நரைமுடிக்கு மருதாணி கலக்கும்போது இரும்புச் சட்டியில் தேயிலைச் சாறு ஊற்றி இரவு முழுக்க ஊறவைப்பார்களே, அதே சங்கதிதான். ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் எழுதப் பயன்பட்ட மையும் இதுவே. மாசிக்காய், அன்னபேதி என்கிற இரும்பு உப்பு, கொஞ்சம் பிசின், தண்ணீர், அவ்வளவுதான் அதன் கூட்டு.

இரும்பு எந்த நிலையில் இருக்கிறது என்பதில்தான் சூட்சுமம். புதிதாகத் தயாரித்த இரும்புக் கரைசல் வெளிர் பச்சையாக, கிட்டத்தட்ட நிறமே இல்லாமல் இருக்கும். அது டானினைச் சந்தித்ததும் உடனே முழுக் கறுப்பு வருவதில்லை. மரத்துக்குள் இறங்கி, பிறகு காற்றுப் பட்டு, ஆக்சிஜன் சேரச் சேரக் கறுக்கிறது. அதனால் நிறம் நாருக்குள்ளேயே உருவாகிறது. நாள்பட்டுப் பழுப்பேறிய கரைசலில் இரும்பு முன்பே ஆக்சிஜனேற்றம் அடைந்துவிட்டது. தடவிய கணமே மேற்பரப்பில் கறுப்பாகத் திரிந்து படிந்துவிடும், உள்ளே போகாது. காய்ந்தபின் துணியால் துடைத்தால் துணியோடு வரும். கையில் ஒட்டுகிற கறுப்பு பற்றி இங்கே அடிக்கடி புகார் வருகிறதே, அதில் பாதிக்குக் காரணம் பழைய கரைசல்தான்.

உங்களுக்கு வந்த ஆரஞ்சு, ஜோடி கிடைக்காத இரும்பு. டானின் இல்லாத மரத்தில் இரும்பை மேலும் மேலும் தடவினால் துருதான் சேரும்.

நான் கடைகிற மரங்களில் பார்த்ததைச் சொல்கிறேன். வெட்பாலையும் ரப்பர் மரமும் இரும்பு மட்டும் பட்டால் சாம்பலோடு நின்றுவிடுகின்றன. மா கொஞ்சம் கூடுதலாக ஏறும், ஆனால் திட்டுத் திட்டாக. கருவேலத்தின் வைரப்பகுதியில் இரும்பு பட்டாலே போதும், கண்ணெதிரே கறுக்கும். பச்சைக் கருவேலத்தை உளி வைத்துக் கடைந்தால் விரல்கள் கறுப்பதும் அதனால்தான். புதிதாக ஒரு மரம் கைக்கு வந்தால் ஒரு துண்டில் இரண்டு சொட்டு இரும்புக் கரைசல் விட்டுப் பாருங்கள், கால் மணி நேரத்தில் பதில் தெரிந்துவிடும்.

9 பிப்ரவரி

ஸ்டீல் உல் பற்றித் தனியாகக் கேட்டவருக்கு. அது துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய் பூசித்தான் வருகிறது. பாத்திர சோப்பு போட்டு வெந்நீரில் அலசிவிட்டு ஊறப்போடுங்கள். நம் கடைகளில் கிடைக்கும் செயற்கை வினிகரில் அசிட்டிக் அமிலம் சுமார் 4 சதவீதம்தான், ஆகவே மெதுவாகத்தான் கரையும். மூடியை இறுக்காதீர்கள். உள்ளே ஹைட்ரஜன் வாயு உண்டாகிக்கொண்டே இருக்கும். இறுக்கி மூடிய கண்ணாடிப் புட்டி வெடிக்கும், தீ பக்கத்தில் இருந்தால் வேறு ஆபத்து.

ஸ்டீல் உல்லை கிரைண்டர் பக்கத்தில் வைக்கவே கூடாது. ஒரு பொறி விழுந்தால் பற்றிக்கொள்ளும்.

16 பிப்ரவரி

சரி, வெட்பாலைக்கு என்ன செய்வது? மரத்தில் இல்லாத டானினை நாம் ஊட்ட வேண்டும். வெளிநாட்டு மரக்கடைசல்காரர்கள் இதற்குத் தென்னமெரிக்க மரப்பட்டைத் தூள் வாங்குகிறார்கள். அதைக் கப்பலில் வரவழைக்க நமக்கு ஒரு தேவையும் இல்லை. நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய் இருக்கிறது, அதே கடையில் அன்னபேதியும் இருக்கிறது. கறுப்புக்கு வேண்டிய இரண்டு பாதிகளும் ஒரே மேசையில் கிடைக்கும்போது வினிகருக்கும் ஸ்டீல் உல்லுக்கும் ஏன் அலைய வேண்டும்?

இது நான் கண்டுபிடித்ததில்லை. கலம்காரித் துணி எழுதுபவர்கள் காலங்காலமாகச் செய்வது. காளஹஸ்தியிலும் நம் கருப்பூரிலும் துணியை முதலில் கடுக்காயில் நனைத்து எடுக்கிறார்கள். துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் போட்டு வாரக்கணக்கில் புளிக்கவைத்த நீரைத் தொட்டு அதன்மேல் எழுதினால் கோடு கறுப்பாக விழுகிறது. தோல் பதனிடுபவர்களுக்கும் கடுக்காயும் ஆவாரம்பட்டையும் பழைய சரக்கு. மரத்துக்கு இதைக் கொண்டுவருவது ஒரே ஒரு அடி தள்ளி வைப்பதுதான்.

நான் செய்வது இப்படி. கடுக்காயின் கொட்டையை நீக்கிவிட்டுத் தோலை இடித்துக்கொள்கிறேன். 1 லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம். எவர்சில்வர் பாத்திரத்தில் அரை மணி நேரம் மெல்லக் கொதிக்கவிட்டு, இரவு முழுக்க வைத்து, காலையில் இரட்டைத் துணியில் வடிகட்டுகிறேன். இரும்புச் சட்டி வேண்டாம், கஷாயமே கறுத்துப் பயனில்லாமல் போகும். வடிகட்டுவதில் அவசரம் காட்டக்கூடாது. தூள் ஒட்டிய இடமெல்லாம் பின்னால் கரும்புள்ளியாகத் தெரியும்.

அன்னபேதி வாங்கும்போது நிறம் பாருங்கள். வெளிர் பச்சைப் பளிங்காக இருக்க வேண்டும். மஞ்சளாக, பழுப்பாகப் பூத்திருந்தால் வாங்காதீர்கள், காரணம் 5ஆம் தேதிக் குறிப்பில் இருக்கிறது. ஒரு டம்ளர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி போதும். அன்றன்றைக்குக் கரைத்து அன்றைக்கே தீர்த்துவிடுவது நல்லது.

கடைசல் முழுதும் முடிந்து உப்புத்தாள் 320 வரை போட்டபின், வெறும் தண்ணீரில் ஒருமுறை துடைத்துக் காயவிடுகிறேன். நார் எழும்பி நிற்கும். அதை 400 போட்டு மெல்ல நீவிவிட்டால் பிறகு எழும்பாது. இதைச் செய்யாமல் கறுப்பாக்கினால், எழும்பிய நாரைத் தேய்க்கும்போது கறுப்பும் போய் வெள்ளை எட்டிப்பார்க்கும். இரும்புக் கறுப்பு மிக மெல்லிய படலம்.

அப்புறம் கடுக்காய்ச் சாறு, தாராளமாக. தொட்டால் ஈரம் தெரியாத வரை காயட்டும். மேலே அன்னபேதி நீர், வேறு தூரிகையால். இரண்டு தூரிகைகளும் கலந்தால் இரண்டு கரைசலும் வீண். மரம் நீலச்சாம்பலாகி, ஊதாவாகி, கறுக்கத் தொடங்கும். காற்றோட்டமான நிழலில் வையுங்கள். வெயிலில் வைத்தால் சன்னமான கலசம் வெடிக்கலாம். காய்ந்தபின் மறுபடி கடுக்காய்ச் சாறு ஒரு கை. இந்தக் கடைசிப் பூச்சைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஜோடி சேராமல் நிற்கிற இரும்பை அது பிடித்துக்கொள்ளும், கறுப்பும் ஆழமாகும். போதவில்லை என்றால் முழுச் சுற்றையும் திரும்பச் செய்யலாம்.

அன்னபேதியைக் கூட்டினால் கறுப்பு கூடும் என்று தோன்றும். கூடாது. மிஞ்சின இரும்பு நாளடைவில் பழுப்பாகும். டானின் மிகுதி, இரும்பு அளவு என்பதுதான் கணக்கு.

எண்ணெய் அல்லது அரக்கு பாலிஷ் ஏறும்வரை அந்தக் கறுப்பு செத்துப்போன சிலேட்டு நிறமாகத்தான் தெரியும். பயந்துவிடாதீர்கள். முதல் கை எண்ணெய் பட்டதும் அது எழுந்து வருவதைப் பார்க்க வேண்டும், அந்த ஒரு நிமிடத்துக்காகவே நான் இந்த வேலையைச் செய்கிறேன்.

17 பிப்ரவரி

காலையிலேயே இரண்டு யோசனைகள் வந்திருக்கின்றன. ஒருவர், அமிலத்தை முறிக்க சுண்ணாம்புத் தண்ணீரில் கழுவச் சொல்கிறார். வேண்டாம். இந்தக் கறுப்பு காரத்துக்குத் தாங்காது, சிதைந்து துருப் பழுப்பாகிவிடும். வினிகர் வழியில் செய்தவர்கள் சுத்தமான தண்ணீரில் துடைத்தாலே போதும்.

இன்னொருவர் பழக்கிண்ணம் செய்ய உத்தேசம் என்கிறார். அலங்காரத்துக்கு என்றால் சரி, உள்ளே எலுமிச்சை வைப்பீர்கள் என்றால் யோசியுங்கள். எலுமிச்சைச் சாறும் புளியும் இரும்பை இழுத்துக்கொள்ளும், பட்ட இடம் வெளுக்கும். தச்சர்கள் மரத்திலுள்ள ஆணிக்கறையை எடுக்க ஆக்ஸாலிக் அமிலம் பயன்படுத்துவதும் இதே தத்துவத்தில்தான். உங்களுக்கு ஓரிடத்தில் தவறுதலாகக் கறுப்பு சிந்திவிட்டால் ஆக்ஸாலிக் அமிலமே மருந்து. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அது விஷம்.

2 மார்ச்

"கடுக்காய் போட்டேன், கறுப்பு வந்தது, ஆனால் பியானோக் கட்டை மாதிரி கன்னங்கரேல் என்று வரவில்லை" என்று எழுதியிருக்கிறார் ஒருவர். நியாயமான குறை. இரும்புக் கறுப்பில் எப்போதும் ஒரு நீலச்சாயல் அல்லது பச்சைச்சாயல் ஒளிந்திருக்கும். கடுக்காய், மாசிக்காய் போன்றவை நீலக்கறுப்பு தரும். ஆவாரம்பட்டை, காசுக்கட்டி வகை டானின் பச்சைக்கறுப்புப் பக்கம் சாயும். மரத்தின் ரேகையும் ஊடே தெரியும். எனக்கு அது பிடிக்கும். மரம் மரமாகவே இருந்துகொண்டு கறுக்கிறது.

ரேகை அறவே தெரியக்கூடாது என்றால் மேலே ஒரு கை கரிமை பூசலாம். ஓவியக் கடைகளில் தண்ணீர் பட்டாலும் கலையாத கறுப்பு டிராயிங் மை கிடைக்கிறது. அதில் நிறம் தருவது நுண்ணிய கரி, வெயிலில் வெளுக்காது. ஏற்கெனவே கடுக்காய்க் கறுப்பு ஏறிய மரத்தில் மை பூசினால், விளிம்பு தேய்ந்தாலும் கீழே வெள்ளை பல்லிளிக்காது. வெறும் வெள்ளை மரத்தில் மை பூசுவதைவிட இது எவ்வளவோ மேல். முதலில் நான் இரும்பா மையா என்று இரண்டையும் எதிரெதிராக வைத்துத்தான் பேசிக்கொண்டிருந்தேன். இப்போது சேர்த்தே செய்கிறேன்.

தோல் சாயம்? சென்னைப் பெரியமேட்டில் எளிதாகக் கிடைக்கும். ஸ்பிரிட்டில் கரைந்தது, ஆழமாக இறங்கும், நாரை எழுப்பாது, நிமிடங்களில் காயும். வேலை சுலபம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த வகைச் சாயங்கள் பல, வெயில் பட்டால் ஊதாவாகவோ பழுப்பாகவோ வெளிறும். மேலே அரக்கு பாலிஷைத் துணியால் தேய்த்தால் பாலிஷிலுள்ள ஸ்பிரிட்டே சாயத்தைக் கரைத்து இழுக்கும். ஸ்பிரே செய்தால்தான் தப்பிக்கும். ஜன்னலோரம் வைக்கப்போகிற பொருளுக்கு நான் அதைத் தொடுவதில்லை.

கறுப்பும் வெள்ளையும் சந்திக்கிற கோடு பற்றியும் இதே கையோடு சொல்லிவிடுகிறேன். எந்தக் கரைசலும் நார் வழியே கசிந்து வெள்ளைப் பகுதிக்குள் ஓடும், ஒட்டும் டேப் அதைத் தடுக்காது. சுத்தமான வழி ஒன்றுதான்: கிண்ணம் என்றால் வெளிப்பக்கத்தையும் விளிம்பையும் முதலில் கறுப்பாக்கி, காயவிட்டு, அப்புறம் லேத்தில் மாட்டி உட்பக்கத்தைக் கடையுங்கள். உளி போன இடம் வெள்ளை, போகாத இடம் கறுப்பு. கத்தியால் கிழித்ததுபோல் கோடு விழும். வெளிப்பக்கத்திலேயே இரண்டு நிறமும் வேண்டும் என்றால் நடுவே உளிமுனையால் ஒரு சின்னக் காடி எடுத்து, வெள்ளைப் பக்கத்தை அரக்கு பாலிஷால் அடைத்துவிட்டு, தண்ணீர் அடிப்படையிலான கறுப்பைப் பூசுங்கள். அங்கே ஸ்பிரிட் சாயம் பூசினால் அடைத்த அரக்கே கரைந்துவிடும்.

லேத் ஓடும்போது துணியை விரலில் சுற்றிக்கொண்டு சாயமோ பாலிஷோ போடாதீர்கள். துணி சிக்கினால் விரலோடு போகும். காகித டவல் துண்டு பாதுகாப்பு.

20 மார்ச்

எரித்துக் கறுப்பாக்குவது பற்றி நான்கைந்து பேர் கேட்டுவிட்டார்கள். ஜப்பானில் வீட்டுச் சுவர்ப் பலகைகளை எரித்துக் கரியாக்கும் யாகிசுகி முறை பிரபலமானதிலிருந்து எல்லோர் கையிலும் ஒரு கேஸ் டார்ச்.

வெட்பாலைக்கு இது பொருந்தாது. வழவழப்பான, ஒரே சீரான மரம் அது, எரித்தால் வெறும் கரி மிஞ்சும், பார்க்க ஒன்றும் இருக்காது. மலைவேம்பு வேறு. வளையத்துக்கு வளையம் மென்மையும் வன்மையும் மாறி மாறி வரும். எரித்துவிட்டுப் பித்தளைக் கம்பித் தூரிகையால் நார் ஓட்டத்திலேயே தேய்த்தால் மென்பகுதி உதிர்ந்து, வன்பகுதி வரப்பு வரப்பாக எழுந்து நிற்கும். தோட்டத்தில் வேகமாக வளர்ந்த, யாரும் மதிக்காத மலைவேம்பு, இந்த வேலைக்குப் பிறகு கையில் எடுத்தவர் கீழே வைக்காத பொருளாகிறது. பள்ளங்களில் வெள்ளை மெழுகோ தங்கத் தூள் கலந்த மெழுகோ நிரப்பித் துடைத்தால் இன்னும் அழகு.

நன்றாகக் காய்ந்த மரமாக இருக்க வேண்டும். கிண்ணத்தின் சுவர் சன்னமாக இருந்தால் வெடிக்கும், ஆகவே கனமாக விட்டு, வெளியே எரித்து, பிறகு உள்ளே கடையுங்கள். எரித்த மரத்தைப் பட்டறைக்குள் உடனே கொண்டுபோகாதீர்கள். விரிசலுக்குள் கனல் பதுங்கியிருக்கும், தரையிலோ மரச்சீவல்.

6 ஏப்ரல்

மாலைக்கு மணி கடைந்து தரும் ஒருவர் கேட்டிருக்கிறார்: வெள்ளை மரத்தில் மணி செய்து, கறுப்பாக்கி, கருங்காலி மணி என்று விற்கலாமா, எல்லோரும் செய்கிறார்களே?

விற்கக் கூடாது. இதில் எனக்கு இரண்டாம் எண்ணமே கிடையாது. கறுப்பாக்கிய வெட்பாலை வெட்கப்படவேண்டிய பொருள் இல்லை. 17ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பியத் தச்சர்கள் பேரிக்காய் மரத்தைக் கறுப்பாக்கிக் கருங்காலிக்குப் பதிலாக வைத்தார்கள், இன்று அவை அருங்காட்சியகங்களில் இருக்கின்றன, பக்கத்துச் சீட்டில் கறுப்பாக்கிய பேரிக்காய் மரம் என்றே எழுதியிருக்கிறது. உங்கள் மணிக்கும் அப்படி ஒரு சீட்டு எழுதுங்கள். நம்பிக்கையோடு கழுத்தில் போட்டுக்கொள்கிறவரிடம் பொய் சொல்லிக் காசு வாங்குவது கைத்தொழில் செய்கிறவனுக்கு அழகில்லை. நாளைக்கு உண்மையான வேலை செய்கிறவர் சொல்வதையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

வாங்குகிறவர்களுக்கு ஒன்று. கருங்காலி என்ற பெயரில் இரண்டு வெவ்வேறு மரங்கள் புழங்குகின்றன. ஒன்று தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வளரும் எபோனி, வைரம் அட்டைக் கறுப்பு, தண்ணீரில் மூழ்குமளவு கனம். இன்னொன்று காசுக்கட்டி எடுக்கும் மரம், வைரம் செம்பழுப்பு, ஊறவைத்தால் தண்ணீர் சிவக்கும். "தண்ணீரில் போட்டால் நிறம் இறங்கும், அதுதான் அசல்" என்கிற பரிசோதனையை நம்பாதீர்கள், சாயம் போட்ட மணியும் நிறம் இறக்கும். கோக்கிற துளைக்குள் ஊசியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் கதை முடிந்தது.

7 ஏப்ரல்

நேற்றையதற்கு ஒரு சேர்க்கை. மணியைச் சாயத்தில் வேகவைத்தால் துளை வழியாகவும் சாயம் ஏறும், ஆகவே துளையில் கறுப்பு இருப்பதாலேயே அசல் ஆகிவிடாது. ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைப்பதும் முடிவான சான்றில்லை, அசல் எபோனித் தூளே ஸ்பிரிட்டில் கொஞ்சம் கறுப்பு விடும். ஒரு மணியைப் பலி கொடுத்து இரண்டாக அறுத்துப் பார்ப்பதுதான் இருப்பதில் நம்பகமான வழி. மாலையில் ஒன்று குறைந்தாலும் பரவாயில்லை என்றால் செய்யுங்கள்.

எலுமிச்சை ஒரு சொட்டு விட்டு வெளுத்தால் அது நம் கடுக்காய்க் கறுப்பு. இந்த இழையைப் படித்தவர் செய்ததாகவே இருக்கும்!

28 மே

சதுரங்கக் காய் கடைகிற வேலை வந்ததால் இந்தப் பக்கம் வரமுடியவில்லை. வெள்ளைக்கு வெட்பாலை அப்படியே, கறுப்புக்கு அதே வெட்பாலை கடுக்காயில். இரண்டு அணியும் ஒரே மரம், ஒரே கனம் என்பதில் ஒரு திருப்தி இருக்கிறது. 1849இல் ஜாக்ஸ் நிறுவனம் லண்டனில் விற்கத் தொடங்கிய ஸ்டான்டன் காய்கள் பாக்ஸ்வுட்டும் எபோனியுமாக இருந்தன. இன்று அமிர்தசரஸில் கடைந்து உலகமெங்கும் போகிற காய்களில் கறுப்பு அணி பலவற்றில் சாயமேற்றிய பாக்ஸ்வுட்தான். அதை அவர்கள் வெளிப்படையாகச் சொல்லியே விற்கிறார்கள், விலையும் அதற்கேற்ப.

சதுரங்கக் காய்க்குச் சிக்கல் தேய்மானம். ராஜாவின் தலையும் சிப்பாயின் கழுத்தும் ஆயிரம் முறை விரல்படும். மலிவான வயலின்களில் விரல்பலகை எபோனியாக இல்லாமல் சாயமேற்றிய மேப்பிளாக இருக்கும். சில வருடம் வாசித்தபின் விரல் ஓடுகிற தடம் மட்டும் வெளிறித் தெரிவதைக் கச்சேரி மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். ஆகவே காய்களை ஒரு கை பூசி விடாமல், கடுக்காய்ச் சாற்றில் முழுக்கவே ஊறப்போட்டேன். வெட்டுமுகம் (நார் குறுக்கே வெட்டுப்பட்ட பக்கம்) இருக்கிற தலையிலும் அடியிலும் நன்றாக உள்ளே போயிருக்கிறது. பக்கவாட்டில் அவ்வளவு இல்லை. ஒரு உபரிச் சிப்பாயை அறுத்துப் பார்த்தபோது நகக்கன அளவுதான் தெரிந்தது. அதற்கு மேலே கடின எண்ணெய்ப் பூச்சு, பிறகு மெழுகு. லின்சீட் எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள்.

அரக்குக் குச்சியால் கறுப்பு ஏற்றலாமே என்று ஒரு பெரியவர் தனிச்செய்தியில் கேட்டிருந்தார். ஐயா சொல்வது சரி, வட்டப் பொருளுக்கு அதைவிட விரைவான வழி கிடையாது. கர்நாடகத்துச் சென்னபட்டணத்தில் இதே வெட்பாலையை லேத்தில் சுழலவிட்டு, நிறம் கலந்த அரக்குக் குச்சியை அழுத்துகிறார்கள், உராய்வுச் சூட்டில் அரக்கு உருகி ஏறுகிறது. பின்பு தாழை ஓலையால் மினுக்குகிறார்கள். அந்தப் பளபளப்பைக் கடுக்காய் தராது. ஆனால் குதிரைக் காயில் செதுக்கிய முகத்துக்கு அரக்குக் குச்சி போகாது. கலசத்தின் ஆழமான இடுக்குகளிலும் எட்டாது. மரத்தின் ரேகையும் மூடிக்கொள்ளும். சொப்புச் சாமானுக்கு அரக்கு, கலசத்துக்குக் கடுக்காய் என்று நான் பிரித்துக்கொண்டிருக்கிறேன்.

14 ஜூலை

பிப்ரவரியில் செய்தவற்றை எடுத்துப் பார்த்தேன். மூன்று சுற்றுக் கடுக்காய் வாங்கியது அப்படியே நிற்கிறது. அன்னபேதியைத் தூக்கலாகப் போட்டுப் பார்த்த துண்டு, ஓரங்களில் பழுப்புத் தட்டியிருக்கிறது. தெற்கு ஜன்னலில் வைத்திருந்த தோல்சாயத் துண்டு ஊதாவாகத் திரும்பிவிட்டது. அதே ஜன்னலில் இருந்த மைத் துண்டில் மாற்றமே இல்லை.

பளபளப்பு பற்றியும் மனம் கொஞ்சம் மாறியிருக்கிறது. முன்பு கறுப்புக்குக் கண்ணாடி போன்ற பளபளப்புதான் வேண்டும் என்று நினைத்துப் பாலிஷ் மேல் பாலிஷ் போடுவேன். கறுப்பு எதையும் மறைக்காது. உப்புத்தாளின் ஒரு கீறல் மிச்சமிருந்தாலும் பளபளப்பு அதை ஊருக்குச் சொல்லும். இப்போது மங்கலான மெழுகுப் பூச்சோடு நிறுத்துகிறேன். வெளிச்சம் பளிச்சிடாமல், கலசத்தின் உருவம் மட்டும் நிற்கிறது. பக்கவாட்டில் விளக்கு வைத்துக் கீறல் பார்க்கிற பழக்கத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

15 ஜூலை

கேள்வி கேட்டவர் படம் போட்டிருக்கிறார். கலசம் அருமை. கழுத்து இன்னும் சன்னமாகலாம், ஆனால் நிறம் பிரமாதம். அடிப்பகுதியில் காசளவு மஞ்சளாக நிற்பது பசை. சூப்பர் குளூ விழுந்த இடத்தில் எந்தக் கரைசலும் இறங்காது. கூரான பிளேடால் அந்த இடத்தை மட்டும் மெல்லச் சுரண்டி, சன்னத் தூரிகையால் கடுக்காய், காய்ந்தபின் அன்னபேதி, மறுபடி கடுக்காய். அப்படியும் தெரிந்தால் மேலே மை ஒரு தொடு.

அடுத்ததில் கறுப்பாக்கி முடித்த பிறகு ஒட்டுங்கள். மூடிக்குள் இறங்குகிற முளையில் கறுப்பு படாமல் டேப் சுற்றிவிடுங்கள் (ஓரத்தில் கொஞ்சம் கசிந்தாலும் அங்கே வெளியே தெரியாது), அங்கே வெறும் மரம் இருந்தால்தான் பசை நன்றாகப் பிடிக்கும்.